நிக்கலுக்குத் திருநீறு ஆகாது

யுகேந்திரனுக்குத் தன் கைமேல் எவ்வளவு நம்பிக்கையோ, அவன் மனைவி ரூபினிக்கு அவன் வாய்மேல் அவ்வளவு அவநம்பிக்கை. இரண்டுக்கும் தகுந்த காரணம் இருந்தது.

"என் வெல்டுல ஒரு முடி அளவுக்கு விரிசல் காட்டுங்க, மறுநாளே மீசைய எடுத்துட்டு வர்றேன்" என்று செடெனாக் தொழிற்பேட்டையில் அவன் சவால் விடாத ஆளே இல்லை. மீசை அப்படியொன்றும் பெரிய பந்தயப் பொருள் அல்ல. இடதுபுறம் ஏதோ கொஞ்சம் முளைத்திருந்தது, வலதுபுறம் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது. அது அவனுக்கும் தெரியும். துணிந்து பந்தயம் வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சின்னப் பட்டறையில் அவன் வெல்டிங் பொறியாளர். மின்நிலையங்களில் ஓடும் எரிவாயு டர்பைன்களின் வயிற்றுக்குள் இருக்கும் வளையங்களைப் பழுதுபார்ப்பது அங்கே வேலை. அந்தச் சூட்டில் சாதாரண இரும்பு தளர்ந்து படுத்துவிடும். அதனால் நிக்கலோடு குரோமியம், நியோபியம் என்று இன்னும் என்னென்னவோ சேர்த்துச் செய்த உலோகம் அது. நெருப்புக்குள் மாதக்கணக்கில் கிடந்தாலும் அசையாது. ஆனால் பற்றவைக்கப் போனால் மட்டும், கல்யாணப் பந்தியில் கடைசியாக உட்காரவைத்த மாமாவைப் போலச் சட்டென்று முறுக்கிக்கொள்ளும்.

அதை யுகேந்திரன் லேசரால் சமாதானப்படுத்தக் கற்றிருந்தான். ஊசிமுனை அளவு குவிந்த ஒளி, இரண்டு தகடுகள் சேரும் விளிம்பை உருக்கிக்கொண்டே ஓடும். காற்று படாமல் ஆர்கான் வாயு காவல் நிற்கும். பின்னாலேயே உருகியது உறைந்துகொண்டு வரும். ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் இரண்டு தகடும் ஒன்றாகிவிடும். சில மாதங்களாக அவன் செய்த சோதனைத் தகடுகள் எதிலும் குறையே இல்லை.

அந்த வியாழக்கிழமை சிங்கப்பூரிலிருந்து வாடிக்கையாளரின் ஆய்வாளர் வருவதாக இருந்தது. அவர் கண்ணெதிரே பற்றவைக்க வேண்டும், வெட்ட வேண்டும், வெட்டு முகத்தை நுண்ணோக்கியில் காட்ட வேண்டும். விரிசல் இல்லையென்றால் வளைய வேலை மொத்தமும் செடெனாக்குக்கு. இருந்தால் லேசர் இயந்திரத்தையே கழற்றிச் சிங்கப்பூரிலுள்ள தலைமைப் பட்டறைக்கு ஏற்றிவிடுவார்கள். இயந்திரத்தோடு யுகேந்திரனும் போக வேண்டியதுதான்.

போவது என்றால் என்ன என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். வீடிருக்கும் கூலாயிலிருந்து விடியுமுன் மோட்டார் சைக்கிளை முடுக்கி, சிங்கப்பூர் எல்லைக்குக் கடலைக் கடக்கும் காஸ்வே சாலை நெரிசலில் ஆயிரம் பேரின் புகையைக் குடித்து, வேலை முடிந்து மறுபடி அதே புகையைக் குடித்தபடி திரும்புவது. பல வருடம் அப்படித்தான் போய்வந்தான். மகள் லோஷினியை அந்நாட்களில் அவன் பெரும்பாலும் தூங்கும் நிலையில்தான் பார்த்திருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அப்போதுதான் பேசப் பழகியிருந்த பிள்ளை, கூடத்தில் உட்கார்ந்திருந்த அவனை நிமிர்ந்து பார்த்து, "அங்கிள்" என்று கூப்பிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். யுகேந்திரனும் சிரித்தான். மறுவாரமே செடெனாக்கில் வேலை கேட்டு விண்ணப்பித்துவிட்டான்.

அந்தப் பயணத்தில் போட்டுப்போன மழைக்கோட்டு இன்னும் சமையலறைக் கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது. தூக்கிப் போடச் சொன்னால் ரூபினி கேட்பதில்லை.

"இருக்கட்டும் லா. உங்க வாய்க்கு என்னிக்காவது தேவப்படும்."

இப்படிப்பட்ட வீராதி வீரன், அந்த வாரம் திங்கட்கிழமை காலையிலிருந்து யாருக்கும் தெரியாமல் ஒரு காரியம் செய்துகொண்டிருந்தான். வேலைக்குப் போகும் வழியில், தோட்டத்து முச்சந்தியிலுள்ள முனீஸ்வரர் கோயிலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, "ஐயா, வியாழக்கிழமைய மட்டும் பார்த்துக்குங்க" என்று முனகிவிட்டு வருவான். பட்டறை வாசலுக்கு முன் கைக்குட்டையால் நெற்றியை அவசரமாகத் துடைத்துவிடுவான்.

ஒளிப்பதற்குக் காரணம் இருந்தது. போன வெள்ளிக்கிழமை பட்டறையில் ஆயுத பூஜை. அதைச் செய்தவர் மூத்த டெக்னீஷியன் காளியப்பன். லாபிஸில் பிறந்தவர். அந்த ஊர் ஸ்டேஷனில் நின்று அவர் பேசினால் அடுத்த ரயில் நிலையத்தில் ஆள் திரும்பிப் பார்ப்பான். அவர் திருநீற்றுத் தட்டோடு லேசர் அறையை நெருங்கியபோது யுகேந்திரன் குறுக்கே நின்றுகொண்டான்.

"அண்ணே, கதவுக்கு வெளிய என்ன வேணா பூசுங்க. உள்ள ஒரு துகள் போச்சு, அப்புறம் உங்கள எடுத்து எங்கயாச்சும் பூசிருவேன்."

"தம்பி, மெஷின் வாங்குன நாள்லேருந்து நான்தான் பூசுறேன். உனக்கு நம்பிக்க இல்லாட்டி நீ தள்ளி நின்னு சுண்டல் சாப்புடு."

"எனக்கு ஆர்கான் மேல நம்பிக்க இருக்குண்ணே. அது போதும்."

எல்லார் முன்னாலும் இவ்வளவு வீரம் பேசியவன், மூன்றே நாளில் நெற்றியில் பட்டையோடு உள்ளே வந்தால் காளியப்பன் விடுவாரா? ஓய்வு பெறும்வரை அதையே சொல்லிக்காட்டுவார்.

செவ்வாய்க்கிழமை வெள்ளோட்டம். முந்தின நாள் மதியமும் அன்று காலையும் பற்றவைத்த தகடுகளை எடுத்துக்கொண்டு யுகேந்திரன் சோதனை மேஜைக்குச் சீட்டியடித்தபடியே போனான்.

சோதனை எளிமையானதுதான். வெல்டின்மேல் சிவப்புத் திரவம் தடவி ஊறவிட்டு, துடைத்தெடுத்து, வெள்ளைப் பொடி தெளிப்பார்கள். விரிசல் இருந்தால் அதற்குள் ஒளிந்த சிவப்பு, பொடியில் ஊறிக் கோடாக வந்து காட்டிக்கொடுக்கும். வெள்ளைக்கு நடுவே சிவப்புக் கோடு வந்துவிட்டால், யாரோ தகட்டுக்கு நீறு பூசிக் குங்குமம் இட்டது போல அம்சமாக இருக்கும். பார்க்கும் வெல்டருக்கு மட்டும் கும்பிடத் தோன்றாது.

அன்று எல்லாத் தகடுகளுக்கும் குங்குமம் வந்தது.

தர நிர்வாகி ஷர்மைன் உருப்பெருக்கியை நெருக்கிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பட்டறையில் அவனை வாயடைக்க வைக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அதற்கு அவளுக்கு நிறைய வார்த்தைகள் தேவைப்படுவதில்லை.

"யுகேன்," என்றாள். "மீசை."

"அலமாக்! பிராக்டீஸ் தகடு லா அது. பந்தயத்துல சேராது."

"பிராக்டீஸ்லயே உடைஞ்சா பரீட்சைல என்ன ஆகும்?"

அவன் நேராக லேசர் அறைக்கு ஓடினான். ஆர்கான் குழாயை முனையிலிருந்து முனை வரை சோதித்தான். லென்சைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். லேசரின் சக்தியை அளந்தான். எல்லாம் சரியாகவே இருந்தன. வேறு கட்டிலிருந்து புதுத் தகடு எடுத்துப் பற்றவைத்தான். அதிலும் சிவப்பு. பிரச்சினை இயந்திரத்திலும் இல்லை, உலோகத்திலும் இல்லை. வெள்ளிக்கிழமை வரை நன்றாக இருந்தது, வெள்ளிக்கிழமைக்குப் பிறகு கெட்டது. வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்று யோசிக்க அவனுக்கு நேரமே ஆகவில்லை.

"அண்ணே, உண்மைய சொல்லுங்க. நான் அந்தப் பக்கம் போனப்ப உள்ள பூசினீங்களா?"

காளியப்பன் கையிலிருந்த ஸ்பேனரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"உள்ள கால் வைக்கல."

"ஒரு பொட்டுகூட? லேசா? தகடு வைக்கிற மேடைல?"

"உள்ள கால் வைக்கலன்னு சொன்னேன் தம்பி."

"அப்ப திருநீத்துல இருக்கிற கந்தகம் எப்படிண்ணே உள்ள வந்துச்சு? விரிசல் போற தினுசப் பார்த்தா ஏதோ அழுக்குதான். அது பறந்தா வந்துச்சு?"

காளியப்பன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். அன்று மதியம் பட்டறையில் கம்ப்ரசர் ஓடும் சத்தம் முதன்முறையாகத் தெளிவாகக் கேட்டது. வழக்கமாக இரண்டு பொட்டலம் மீ கோரேங் நூடுல்ஸைக் கடையில் தாப்பாவ் பண்ணிக் கட்டி வந்து ஒன்றை யுகேந்திரனின் மேஜையில் போடுகிற மனிதர், அன்று ஒரு பொட்டலத்தோடு வந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார்.

சாயங்காலம் வீட்டில் ரூபினி தீபாவளித் துணிக்குத் தங்காக் போவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். எந்தக் கடையில் எந்தச் சேலை, யாருக்கு எந்த நிறம் என்பதெல்லாம் முடிவாகியிருந்தது. அவன் 'ம்' கொட்டுவதில் சுரம் குறைவதைக் கவனித்து அவள் நிறுத்தினாள்.

"என்னாச்சு?"

"ஒன்னுமில்ல. சின்ன விரிசல்."

"உங்க வெல்டுலயா?" அவள் கேலி செய்ய வாயெடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள். எழுந்து போய்ச் சமையலறைக் கதவை முழுக்கத் திறந்து சுவரோடு தள்ளிவைத்தாள். மழைக்கோட்டு கதவுக்குப் பின்னால் மறைந்தது.

வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த லோஷினி தலையைத் தூக்காமலே கேட்டாள். "அப்பா, நாளைக்கும் நீங்கதானே ஸ்கூலுக்கு பைக்ல ஏத்துவீங்க?"

"நாளைக்கும் ஏத்துவேன், நாளன்னைக்கும் ஏத்துவேன். நீ யுனிவர்சிட்டி போற வரைக்கும் ஏத்துவேன்."

"ஐயோ, அப்ப வேணாம் பா. ஃப்ரெண்ட்ஸ்லாம் சிரிப்பாங்க."

புதன்கிழமை காலை அவன் மறுபடி முனீஸ்வரரிடம் நின்றான். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பூசிக்கொண்டான். துடைத்துக்கொண்டு உள்ளே போனபோது, ஷர்மைன் உடைந்த தகடுகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, வரிசை பிசகாமல் அடுக்கி வைத்திருந்தாள்.

"இங்க பாருங்க. விரிசல் எங்க இருக்கு?"

அவன் பார்த்தான். நேற்று முழுவதும் பதற்றத்தில் ஒவ்வொன்றாகத்தான் பார்த்திருந்தான். சேர்த்து வைத்துப் பார்க்கத் தோன்றவே இல்லை. எல்லாத் தகட்டிலும் விரிசல் ஒரே இடத்தில் இருந்தது. தொடங்கும் பக்கத்தில், இடதுபுறம், ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு மட்டும். அதைத் தாண்டினால் வெல்டு பளிங்கு போல இருந்தது.

"மேடைல அழுக்கு இருந்தா இப்படி வராது," என்றாள் ஷர்மைன். "தகடு வேற வேற, இடம் ஒன்னு. அந்த இடத்துல யார் கை வைக்கிறது?"

"நான்தான். ஆனா கிளவுஸ் போட்டுத்தான் வைக்கிறேன். அசிட்டோன்ல துடைச்சுட்டுத்தான் வைக்கிறேன். என்னப் போய் சந்தேகப்படுறீங்களே?"

"நீங்க காளியண்ணனச் சந்தேகப்படலையா? வாங்க, நேத்து செஞ்ச மாதிரியே ஒருக்கா செய்யுங்க. லேசர் வேணாம். தகட்ட மட்டும் வைங்க. நான் பார்க்கிறேன்."

அவன் மிடுக்காகத்தான் செய்தான். வலைத்தொப்பி மாட்டினான். புதுக் கையுறை போட்டான். பஞ்சில் அசிட்டோன் நனைத்து விளிம்பைத் துடைத்தான். காயவிட்டான். ஒரு தகட்டை வைத்தான், அதை ஒட்டி அடுத்ததை வைத்தான். தொப்பியின் இலாஸ்டிக் நெற்றியில் அரித்தது. கட்டைவிரலால் அதை மேலே தள்ளிவிட்டு, குனிந்து, அதே கட்டைவிரலால் தகட்டை அழுத்தி இடைவெளி இருக்கிறதா என்று பார்த்தான்.

"நில்லுங்க," என்றாள் ஷர்மைன்.

"என்ன?"

"இப்ப என்ன செஞ்சீங்க?"

"தகட்ட அழுத்துனேன்."

"அதுக்கு முன்னாடி."

அவனுக்கு நினைவே இல்லை. ஷர்மைன் மின்கம்பிக்குச் சுற்றும் கறுப்பு டேப்பில் ஒரு துண்டு கிழித்து, அவன் கட்டைவிரலில் ஒட்டி, உரித்து, வெளிச்சத்தில் காட்டினாள். கறுப்பின்மேல் வெள்ளையாக ஒரு படலம்.

"அது சோதனைப் பொடி," என்றான் அவன் சட்டென்று. "டெவலப்பர். நேத்து கைல பட்டிருக்கும்."

"புதுக் கிளவுஸ்லயா?" அவள் டேப்பை முகர்ந்து பார்த்தாள். பிறகு கதவுப் பக்கம் நீட்டினாள். அங்கே காளியப்பன் நின்றிருந்தார். பேசுவதில்லை என்று முடிவெடுத்திருந்தாரே தவிர, வேடிக்கை பார்ப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கவில்லை. "அண்ணே, இது என்ன வாசனை?"

காளியப்பன் முகர்ந்தார். கண்ணை மூடி இன்னொரு முறை முகர்ந்தார். அவர் முகம் பட்டறை விளக்குகளையெல்லாம் ஒன்றாகப் போட்டதுபோல மலர்ந்தது.

"ஜவ்வாது!"

ஒரு நாள் முழுக்க அடக்கி வைத்த குரல் மொத்தமும் அந்த ஒரு வார்த்தையில் வந்தது. வாசல் காவலர்கூட எட்டிப் பார்த்தார்.

"முச்சந்தி முனீஸ்வரர் கோயில் திருநீறு இது. பூசாரி மலர் அக்கா கையால ஜவ்வாது கலக்குறது. எனக்குத் தெரியாதா? தம்பி... நீயா?"

யுகேந்திரன் நெற்றியைத் தடவப் போய், கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"திங்கட்கிழமலேருந்து," என்றான். "வியாழக்கிழமைக்காக."

கதை அவ்வளவுதான். கையுறை அவன் கையிலுள்ள அழுக்கைத் தகட்டில் படாமல் காத்தது. நெற்றியிலிருந்ததைத் தடுக்க அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. சாணச் சாம்பல் என்றால் அதில் பாஸ்பரஸ் இருக்கும். கடையில் வாங்கிச் சலித்த ஜிப்சம் பொடி என்றால் கந்தகம். இரண்டில் எதுவும் நிக்கலுக்கு ஆகாது. உருகிய வெல்டு உறையும்போது எல்லாத் துகள்களும் இறுகிக் கைகோத்துக்கொள்ளும். கந்தகம் கலந்த துளி மட்டும் நடுவில் உறையாமல் திரவமாகவே நிற்கும். சுற்றியிருக்கும் உலோகம் சுருங்கி இழுக்க இழுக்க, இளகி நிற்கும் அந்த இடம்தான் பிளந்துகொள்ளும். இதை யுகேந்திரன் எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் படம் போட்டு விளக்கியிருக்கிறான். படத்தில் எங்கேயும் தன் நெற்றியை வரையவில்லை.

"அண்ணே," என்றான். "நேத்து பேசினது தப்பு. ரொம்ப தப்பு. மன்னிச்சிருங்க."

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும். நாளைக்குக் காலைல என்கூடக் கோயிலுக்கு வரணும். நெத்தி நிறையப் பூசிக்கிட்டு, துடைக்காம, மெயின் கேட்டு வழியா உள்ள வரணும். சாமிய ஒளிஞ்சு கும்பிடுறதுக்கு நீ என்ன ரம்புத்தான் பழமா திருடுற?"

"உள்ள வந்தா வெல்டு வெடிக்குமே அண்ணே."

"அறை வாசல்ல மூஞ்சக் கழுவு. சாமி கோவிச்சுக்காது. கோவிச்சுக்கிட்டா என் பேரச் சொல்லு."

ஷர்மைன் இதிலெல்லாம் திருப்தி அடைகிறவள் அல்ல. நிரூபிக்க வேண்டும் என்றாள். இரண்டு தகடுகளில் பற்றவைத்தார்கள். ஒன்று சுத்தம். இன்னொன்றில் வேண்டுமென்றே கட்டைவிரலால் ஒரு பொட்டுத் திருநீறு. அதைக் காளியப்பனை வைக்கச் சொன்னபோது இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "அப்புறம் அதுக்கும் நான்தான் காரணம்பீங்க. அவனையே வைக்கச் சொல்லு." யுகேந்திரனே வைத்தான். சுத்தமான தகடு வெள்ளையாகவே இருந்தது. பொட்டு வைத்ததில், வைத்த இடத்தில், சிவப்பு மெதுவாக எழுந்து வந்தது. தன் வெல்டில் விரிசலைப் பார்த்து ஒரு மனிதன் இவ்வளவு சந்தோஷப்பட்டது செடெனாக்கில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

அன்று மாலைக்குள் லேசர் அறை வாசலில் தரையில் மஞ்சள் கோடு வந்தது. கோட்டுக்கு முன்னால் ஒரு பேசின், சோப்பு, கண்ணாடி, சுவரில் கறுப்பு டேப்பு. முகம் கழுவி, புதுக் கையுறை போட்டு, நெற்றியைத் தொட்டு, டேப்பைத் தொட வேண்டும். வெள்ளை தெரிந்தால் திரும்பவும் பேசின். யாராக இருந்தாலும்.

வியாழக்கிழமை காலை யுகேந்திரன் நெற்றி நிறையப் பட்டையோடு, காளியப்பனுக்குப் பக்கத்தில், வாசல் வழியாக ஊர்வலம் போல உள்ளே வந்தான். காவலர் கைதட்டினார். கோட்டுக்கு முன்னால் முகம் கழுவிக்கொண்டான். டேப்பு கறுப்பாகவே இருந்தது. மனம் லேசாகியிருந்தது. காரணம் தெரிந்த விரிசலுக்குப் பயப்பட என்ன இருக்கிறது?

ஆய்வாளர் தனலெட்சுமி வந்து இறங்கினார். ஐம்பதைத் தாண்டியவர். சிரிப்பைச் சுங்கச்சாவடியிலேயே விட்டுவிட்டு வந்த முகம். அந்த முகத்தில், நெற்றியில், மூன்று அழகான திருநீற்றுக் கீற்றுகள். நடுவில் குங்குமம்.

ஷர்மைன் யுகேந்திரனைப் பார்த்தாள். சோதனை மேஜையிலிருந்து ஒரு தகடு எழுந்து நடந்து வருவது போல இருந்தது.

"அறைக் கண்ணாடிக்கு வெளிய நிக்க வைச்சிரலாம்," என்று அவள் அவன் காதில் சொன்னாள். "ஒன்னும் சொல்ல வேணாம்."

ஆனால் தனலெட்சுமி நேராக அறை வாசலுக்கே வந்துவிட்டார். "தகடு சேர்ற இடத்த நான் கையால தொட்டுப் பார்க்கணும். கண்ணாடி வழியாப் பார்த்துக் கையெழுத்துப் போடுற பழக்கம் எனக்கு இல்ல."

மஞ்சள் கோட்டுக்கும் அவர் செருப்புக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. யுகேந்திரனுக்குச் சமையலறைக் கதவு ஞாபகம் வந்தது. இந்த அம்மாவைக் கோபப்படுத்தினால் அந்த மழைக்கோட்டு. கோபப்படுத்தாமல் உள்ளே விட்டால் விரிசல், அதற்கப்புறமும் அதே மழைக்கோட்டு. எப்படியும் நனைவதென்றால் உண்மையைச் சொல்லிவிட்டே நனையலாம் என்று தோன்றியது.

"மேடம், மன்னிக்கணும். இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் திருநீறு வரக்கூடாது. பேசின் அங்க இருக்கு."

பின்னால் காளியப்பன் மூச்சை இழுத்தது கேட்டது.

"என்னோட நெத்தியையா கழுவச் சொல்றீங்க?"

"எல்லார் நெத்தியும்தான் மேடம். இன்னிக்குக் காலைல என் முனீஸ்வரரையும் அதே பேசின்லதான் விட்டேன்." அவன் உடைந்த தகடுகளை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தான். "இது திங்களும் செவ்வாயும் உடைஞ்சது. இது நேத்து நாங்களே உடைச்சது. ரெண்டுக்கும் காரணம் என் கட்டைவிரல்தான்." திங்கட்கிழமையிலிருந்து நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். காளியப்பனைச் சந்தேகப்பட்டதையும், கைக்குட்டையையும், ஜவ்வாதையும். காளியப்பன் நடுநடுவே திருத்தம் சொன்னார்.

தனலெட்சுமி விரிசல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இதக் காட்டாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது மேடம். டர்பைனுக்குத் தெரிஞ்சிருக்கும்."

அவர் தகடுகளை அவனிடமே திருப்பிக் கொடுத்தார். கைப்பையை ஷர்மைனிடம் கொடுத்தார். பேசினுக்குப் போய் முகம் கழுவினார். கையுறை போட்டு, நெற்றியைத் தொட்டு, டேப்பைத் தொட்டார். மங்கலாக ஒரு வெள்ளை. யாரும் எதுவும் சொல்வதற்கு முன்பே திரும்பிப் போய் இன்னொரு தடவை கழுவினார். அப்போதுதான் யுகேந்திரனுக்கு மூச்சு சீராக வந்தது.

பற்றவைப்பு முடிந்தது. அதில் சொல்ல ஒன்றுமில்லை, அவ்வளவு நன்றாகப் போனது. வெட்டி, மெருகேற்றி, அமிலத்தில் நனைத்து நுண்ணோக்கிக்குக் கீழே வைப்பதற்குள் எல்லாருடைய மதியச் சாப்பாடும் ஆறிப்போனது. திரையில் வெல்டின் வெட்டு முகம் வந்தது. தலை அகன்று, உடல் ஒடுங்கி, தகட்டுக்குள் ஓர் ஆணி இறங்கியிருப்பது போன்ற வடிவம். தனலெட்சுமி இடது ஓரத்திலிருந்து அங்குலம் அங்குலமாக நகர்த்திக்கொண்டே போனார். விரிசல் இல்லை. இல்லை. இல்லை. ஆணியின் அடியில் நிறுத்தினார்.

"இது என்ன?"

ஒரு கறுப்புப் புள்ளி. வாயு அடைபட்ட சின்னத் துளை.

ஷர்மைன் அளந்தாள். "அனுமதிச்ச அளவுல பாதிகூட இல்ல."

"அது நான் மூச்சப் புடிச்சுக்கிட்டு இருந்தேன்ல, அது மேடம்," என்றான் யுகேந்திரன். அவனுக்கு வாய் திரும்பிவிட்டது.

தனலெட்சுமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வளையங்கள் அடுத்த மாசம் வரும். எல்லாம் இங்கயே." பிறகு, உடைந்த தகடுகளில் ஒன்றைக் கையில் எடுத்தார். "இத நான் எடுத்துட்டுப் போகலாமா?"

"எதுக்கு மேடம்?"

"எங்க பட்டறையிலயும் ரொம்ப நாளா ஒரு விரிசல். வாயு மாத்தினாங்க, லென்ஸ் மாத்தினாங்க, தகடுகூட மாத்திட்டாங்க. காரணம் தெரியல." முதல்முறையாக அவர் உதட்டின் ஓரம் அசைந்தது. "அங்க வெல்டிங் பண்றவர் பேரு திருச்செல்வம். நெத்தி நிறையப் பூசுவார்."

அவர் கார் வெளியேறும்வரை பொறுமையாக இருந்த ஷர்மைன், அடுத்த நொடியே அவன் பக்கம் திரும்பினாள்.

"பாஸாயிட்டோம் லா!" என்றான் அவன்.

"பாஸாயிட்டோம். ஆனா முடி அளவு விரிசல்னு சொன்னீங்க. முடியவிடப் பெரிசாவே காட்டிட்டேன். காளியண்ணே, நீங்க சாட்சி."

"சாட்சி மட்டுமில்ல," என்றார் காளியப்பன். அன்று அவர் கையில் இரண்டு பொட்டலம் மீ கோரேங் இருந்தது. "பிளேடும் நானே வாங்கித் தர்றேன்."

வெள்ளிக்கிழமை காலை யுகேந்திரன் குளியலறையிலிருந்து வெளியே வந்தபோது, ரூபினி சமையலறைத் தரையில் உட்கார்ந்து மழைக்கோட்டைக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"வாஷிங் மெஷினுக்கு உறை தைக்கப் போறேன்," என்றாள் நிமிராமல். "நல்ல துணி. வீணாக்கக் கூடாது." பிறகு நிமிர்ந்தாள். கத்தரிக்கோல் நின்றது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

பள்ளிச் சீருடையில், ஒரு கையில் பாதி ரொட்டியோடு, லோஷினி வந்து நின்றாள். அப்பாவின் மேலுதட்டைப் பார்த்தாள். பக்கம் சாய்ந்து இன்னொரு கோணத்தில் பார்த்தாள். அந்தப் பழைய கதையை ரூபினி அவளிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள்.

"அம்மா," என்று கத்தினாள், "யாரோ ஒரு அங்கிள் வீட்டுக்குள்ள வந்திருக்காரு!"

யுகேந்திரன் மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்துக்கொண்டான்.

"ஆமா," என்றான். "உங்கள ஸ்கூலுக்கு ஏத்திட்டுப் போகச் சொல்லி உங்கப்பாதான் அனுப்பினாரு. சீக்கிரம் வாங்க, வழில முனீஸ்வரர்கிட்ட ஒரு நன்றி சொல்லணும்."